மூட்டைக்குச் சீட்டு வேண்டாம்

மார்ச் 4

மாட்சிமை பொருந்திய அக்கா அவர்களின் மேலான கவனத்துக்கு,

இன்று முற்பகல், குடும்ப உறுப்பினர்கள் மூவர் முன்னிலையில், தங்கள் அறைக் கதவின் கிறீச்சொலி எண்ணெய் விட்டு நிரந்தரமாக ஓயச் செய்யப்பட்டது என்பதை ஆழ்ந்த பொறுப்புணர்வுடன் அறிவிக்கிறேன். மூவர் என்பது அம்மா, அப்பா, நான். அப்பா செய்தித்தாளுக்குள் தூங்கிக்கொண்டிருந்ததால் இரண்டரை என்று திருத்தி வாசிக்கவும். இனி நான் அந்த அறைக்குள் எப்போது போகிறேன், எப்போது வருகிறேன் என்பது அம்மாவுக்கும் தெரியாது, வரலாற்றுக்கும் தெரியாது.

ஆமாம். உன் அறைதான் இனி மூட்டையின் தலைமையகம். உன் மேசை, சுழலும்போது முனகுகிற உன் நாற்காலி, நீ விட்டுவிட்டுப் போன பழைய கணினி எல்லாம் கையகப்படுத்தப்பட்டன.

அரட்டையில் என்னைத் தடை செய்துவிட்டாய். “ஸ்டிக்கர் போட்டுத் தப்பிக்கிறவனோட பேச்சு கிடையாது. முழு வாக்கியமா எழுதத் தெரிஞ்சா மெயில் அனுப்பு” என்று சொன்னாய். இதோ அனுப்பிவிட்டேன். எல்லா வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன், சரிபார்த்துக்கொள்.

போன ஞாயிறு குருவி நிரல்மொழிக்காரர்களின் கூட்டத்தில், அத்தனை பேரும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, என் மூட்டையைக் “குப்பை லாரி” என்றாய். அதற்கு முன்னால் நான் உன் ‘கட்டு’வைக் ‘கட்டுப்பெட்டி’ என்றது வேறு விஷயம். அது பெயரிலேயே பாதி இருக்கிறது, நான் மீதியைத்தான் சேர்த்தேன்.

அம்மாவுக்கு இந்தச் சண்டை புரியவே இல்லை. நேற்று சமையலறையில் பிடித்துக்கொண்டாள்.

“உங்க ரெண்டு பேருக்கும் அப்படி என்னடா சண்டை? சொத்தா பத்தா?”

“அதுக்கும் மேலம்மா. பொதி.”

“என்னது?”

“குருவியில நிரல் எழுதறவங்க எல்லாத்தையும் தாங்களே எழுத மாட்டாங்க. இன்னொருத்தர் எழுதி வெச்ச துண்டை எடுத்துப்பாங்க. அந்தத் துண்டுக்குப் பேர்தான் பொதி. ஒரு பொதியைக் கூப்பிட்டா அது கூடவே இன்னும் நாலு பொதியைக் கூப்பிடும்.”

“உங்க பெரியப்பா வீட்டுக்கு வர்ற மாதிரி.”

“அதேதான். அத்தனையையும் பொதுப் பதிவகத்துல தேடிப் பிடிச்சுக் கொண்டுவந்து இறக்கறதுக்கு ஒரு சுமைதூக்கி வேணும்ல? அக்கா எழுதின சுமைதூக்கி பேரு கட்டு. நான் எழுதினது மூட்டை.”

“ஒரு வேலைக்கு எதுக்குடா ரெண்டு ஆளு?”

“அக்காவோட ஆள் சீட்டு எழுதாம நகர மாட்டான். எந்தப் பொதி, அதுல எத்தனாவது பதிப்புன்னு வரிவரியா எழுதி வெச்சுப்பான். அடுத்த தடவையும் அச்சு அசலா அதையேதான் தூக்கிட்டு வருவான். என் ஆளுக்குச் சீட்டே வேண்டாம். போவான், இருக்கறதுலயே புதுசை அள்ளிட்டு வந்துடுவான்.”

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அதாவது, அவளைக் கடைக்கு அனுப்பறதுக்கும் உன்னை அனுப்பறதுக்கும் உள்ள வித்தியாசம்” என்றாள்.

சரி, அம்மா உன் கட்சி. குருவியைப் பொழுதுபோக்காக உருவாக்கிய நம் பல் டாக்டரும் உன் கட்சி. எல்லாக் கருவிகளும் ஒரே சீட்டு முறைக்கு வர வேண்டும் என்று அவர் பொதுவிதி எழுதியிருக்கிறார். இரண்டு கருவிகளின் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். நீ போட்டுவிட்டாய். நான் போட மாட்டேன். மூட்டைக்குச் சீட்டு வேண்டாம். இதை அந்தக் கதவின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இங்ஙனம்,
தலைமையகத்திலிருந்து,
வாலு

*

மார்ச் 7

வாலு,

கதவில் ஒட்டியதை வண்ணம் உரியாமல் எடு.

நான் எதற்காகக் கூட்டத்தில் கத்தினேன் என்று உனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஸ்டிக்கர் மனநிலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் படி.

இங்கே எங்கள் அலுவலகம் ஒரே ஒரு நீள அறை. ஜன்னலுக்கு வெளியே பேருந்துப் பணிமனை. நகரத்தின் எல்லா நிறுத்தங்களிலும் இருக்கும் நேரப் பலகைகளுக்கான நிரலை நாங்கள் எழுதுகிறோம், முழுக்க முழுக்கக் குருவியில். பாதிப் பேர் கட்டு பயன்படுத்துகிறார்கள். மீதிப் பேருக்கு மூட்டை பிடித்திருக்கிறது. வேகமாக இருக்கிறதாம். விளைவு என்ன தெரியுமா? ஒரே நிரல், என் மேசையில் ஓடுகிறது, பக்கத்து மேசையில் விழுகிறது. அவர் புதிய பதிப்பு எதையோ இழுத்திருப்பார். பாதி நாள் அதைக் கண்டுபிடிப்பதிலேயே போகிறது.

போன மாதம் மேலாளர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். “யார் தூக்கிட்டு வந்தா எனக்கென்ன? எல்லா மேசைக்கும் ஒரே சரக்கு வரணும். ஏப்ரல் கடைசிக்குள்ள உங்க குருவிக்காரங்க ஒரு முறைக்கு வரலைன்னா, நாம வேற மொழிக்குப் போயிடலாம்.”

வேறு மொழிக்குப் போவது என்றால், ஒன்றரை வருடமாக நான் எழுதிய எல்லாம் குப்பைத் தொட்டிக்குள். என் குழுவும் கலைந்துவிடும். வேறு மொழி தெரிந்த ஆட்கள் மாடியில் தயாராக இருக்கிறார்கள்.

கட்டு ஜெயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூட்டையும் இருக்கட்டும். நேற்று ஓடியது இன்றும் ஓட வேண்டும், அவ்வளவுதான். உன் மூட்டை சீட்டைப் படித்து அதன்படி நடக்கட்டும். நாம் இரண்டு பேரும் ஒரே கணினியை மாற்றி மாற்றிப் பயன்படுத்திய காலத்தில், என் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ‘வாலு, இதைத் தொடாதே’ என்று எழுதிவைக்க வேண்டியிருந்தது. இப்போது நானே கேட்கிறேன், இதைக் கொஞ்சம் தொடு.

அம்மாவை முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்ளச் சொல்.

அக்கா

*

மார்ச் 8

கட்டுக்கோப்பின் காவலரே, கட்டாயத்தின் தலைவியே,

தைலம் தடவப்பட்டது. கதவின் வண்ணமும் உரிந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

உன் கடிதத்தை முழுவதும் படித்தேன். நடுவில் எங்குமே சிரிப்பு வராமல் இவ்வளவு நீளம் எழுத உன்னால்தான் முடியும். விஷயத்துக்கு வருகிறேன்: சீட்டு எனக்குக் கட்டுப்படியாகாது. ஏன் என்று கேள். ஒருவன் ஒரு பொதியில் இருந்த பிழையைத் திருத்திப் புதிய பதிப்பு போடுகிறான். உன் ஆள் என்ன செய்கிறான்? ‘சீட்டில் பழையதுதான் இருக்கு’ என்று பிழையையே பத்திரமாகச் சுமந்துகொண்டு வருகிறான். என் ஆள் திருத்தியதைக் கொண்டுவருகிறான். நேற்றைய ரொட்டியை யாராவது வேண்டுமென்றே கேட்டு வாங்குவார்களா?

மூட்டையில் பூச்சி இருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் ஜோக் அடித்தார். அந்த ஜோக்கை மூட்டைக்குப் பெயர் வைத்த அன்றே நான் அடித்து முடித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடு. அப்புறம் இன்னொன்று. மூட்டை வெளியான நாளிலிருந்து ஒரு தடவைகூட அதன் வெளியீடு சறுக்கியதில்லை. ஒரு தடவைகூட! நீயே பதிவகத்தில் போய்ப் பார். சீட்டில்லாமல், பூட்டில்லாமல், துணிச்சலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவன் இதைச் செய்கிறான் என்றால் உலகம் அவனிடம் பாடம் கேட்க வேண்டும். நீ கையெழுத்து கேட்கிறாய்.

உன் அலுவலகத்தைப் பற்றி: நீ கவலைப்படாதே. மேலாளர்கள் மிரட்டுவார்கள், அது அவர்கள் தொழில். உன் பலகைகளுக்காக நான் ‘மணிகாட்டி’ பொதியை எழுதிக் கொடுத்தது நினைவிருக்கிறதா? எண்ணைக் கொடுத்தால் ‘இன்னும் ஐந்து நிமிடத்தில்’ என்று வார்த்தையாகத் தருமே, அதுதான். இன்று அதற்குப் புதிய பதிப்பு போட்டிருக்கிறேன். உள்ளே உனக்கு ஒரு சின்ன ஆச்சரியம். கட்டு அதை உன்னிடம் கொண்டுவரப் போவதில்லை, ஏனென்றால் அது சீட்டில் இல்லை. பாவம் நீ.

சீட்டு கிழிந்த சிங்கம்,
வாலு

*

மார்ச் 12

உன் ஆச்சரியம் வந்து சேர்ந்துவிட்டது.

காலையில் நான் பேருந்துக்கு நின்றேன். என் நிறுத்தத்துப் பலகையில் வழக்கமாக ‘இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில்’ என்று வரும். இன்று வந்தது: ‘நடந்தே போயிடலாம்.’

முதலில் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெண் பலகையைப் படித்துவிட்டு, “கொழுப்பைப் பாரேன்” என்று தன் மகனிடம் சொன்னாள். ஒரு வயதான மனிதர், கையில் மருத்துவமனைக் கோப்போடு நின்றவர், பலகையை இரண்டு முறை படித்தார். பிறகு நிஜமாகவே நடக்கத் தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய்த் தடுத்து நிறுத்தினேன். “நம்பிட்டேன்மா. அரசாங்கப் பலகைதானே?” என்றார்.

நடந்தது இதுதான். நேற்று மாலை பக்கத்து மேசைக்காரர் மூட்டையால் பொதிகளைப் புதிதாக இறக்கி நிரலை மறுபடி கட்டியிருக்கிறார். அது போய்ப் புதிய மணிகாட்டியை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. எண் இருபதைத் தாண்டினால் அந்த வரி வரும்படி நீ எழுதியிருக்கிறாய். அவர் அதைச் சோதித்தபோது எல்லாப் பேருந்தும் பத்து நிமிடத்துக்குள் இருந்திருக்கிறது. அப்படியே அனுப்பிவிட்டார். நகரத்தில் பாதிப் பலகைகள்.

பல் டாக்டரின் காத்திருப்பு அறைத் திரையிலும் மணிகாட்டிதான், அதையும் மூட்டைதான் இழுத்திருக்கிறது. ‘உங்கள் முறை: நடந்தே போயிடலாம்.’ மூன்று பேர் மகிழ்ச்சியாக எழுந்து போய்விட்டார்களாம். அவருக்குச் சிரிப்பு. எனக்கு இல்லை.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். மணிகாட்டி என் தம்பி எழுதியது என்று அவருக்குத் தெரியும், பெருமையாக நானே சொல்லியிருந்தேன். “ஏப்ரல் கடைசியெல்லாம் வேண்டாம். இந்த மாசக் கடைசி ஞாயிறு உங்க கூட்டம் இருக்குல்ல? அதோட முடிவு தெரியணும். நானே வந்து பார்க்கறேன்” என்றார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. மூட்டையும் பொதிகளை இறக்கும்போது ‘இன்னும் முப்பது விநாடி’ என்று மணிகாட்டியை வைத்துத்தானே காட்டுகிறது? மூட்டையால் கட்டிய எல்லார் நிரலிலும் அந்த வரி வந்தது. நேற்று நீ வெளியிட்ட புதிய மூட்டையில் மட்டும் வரவில்லை. எப்படி?

அக்கா

*

மார்ச் 13

அக்கா,

அந்த வரியை எடுத்துவிட்டேன். உன் கடிதம் வந்த நிமிடமே எடுத்துவிட்டேன்.

அந்தத் தாத்தா எவ்வளவு தூரம் நடந்தார்? நீ தடுத்தாய் என்று எழுதியிருக்கிறாய். சீக்கிரம் தடுத்தாயா?

அது உனக்கு மட்டும்தான். நீ ஏதாவது ஒரு நாள் உன் கட்டுவிடம் ‘சரி, புதுசு எடு’ என்று சொல்வாய், உன் மேசையில் வரும், நீ தனியாக உட்கார்ந்து சிரிப்பாய் என்று நினைத்தேன். உன் மேசையோடு நின்றிருக்க வேண்டியது. ஊருக்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை. இந்த வாக்கியத்தில் ஜோக் எதுவும் இல்லை, தேடாதே.

நீ கேட்ட மற்ற விஷயம், அதாவது மூட்டையில் ஏன் வரவில்லை என்பது, தொழில் ரகசியம். எழுதியவனுக்குத் தன் பிள்ளை எங்கே தடுக்கும், எங்கே தாண்டும் என்று தெரியாதா? மூட்டை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.

பொதுவிதியைப் பற்றிப் பேசத் தயார். கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லவில்லை, பேசத் தயார் என்கிறேன். கூட்டத்தில் யாரும் ‘குப்பை லாரி’ என்று சொல்லக் கூடாது.

வாலு

*

மார்ச் 19

வாலு,

தாத்தா நான்கு கடை தாண்டியிருந்தார். பேருந்தில் என் பக்கத்து இருக்கையில்தான் வந்தார். யார் எழுதினார்கள் என்று கேட்டார். “என் தம்பி” என்றேன். “நல்லா வருவான்” என்றார். கிண்டலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

பேசலாம் என்றாய். அதனால் ஒரு வாரமாக உன் மூட்டையின் நிரலைத் திறந்து படித்துக்கொண்டிருக்கிறேன், பொதிகளை இறக்கும் பகுதியை மட்டும். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன்: நன்றாக இருக்கிறது. நான் ஒன்று வந்த பிறகு அடுத்ததைக் கேட்கிறேன். நீ எட்டுப் பொதிகளை ஒரே மூச்சில் கேட்டு, வருகிற வரிசையில் வாங்கிக்கொள்கிறாய். எனக்கு இது தோன்றவே இல்லை. ‘இங்கே அக்கா வரிசையில் நிற்பாள், நாம் நிற்க மாட்டோம்’ என்று குறிப்பு எழுதியிருக்கிறாய். அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பல் டாக்டரிடம் பேசினேன். பொதுவிதியில் இப்படித் திருத்தம்: சீட்டின் வடிவம் கட்டுவினுடையது, இறக்கும் முறை மூட்டையினுடையது. எந்தக் கருவியும் இருக்கலாம், சீட்டு ஒன்றுதான். விதி நீளமாகிவிட்டது, ஆனால் இரண்டு பேரின் வேலையும் உள்ளே இருக்கிறது.

டாக்டர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். “வாய் கிழியப் பேசினது போதும், வாயைத் திறந்து காட்டுங்க” என்றார், அவர் பாணியில். கடைசி ஞாயிறு கூட்டத்தில், எல்லார் முன்னாலும், ஒன்றுமே இல்லாத வெற்றுக் கணினியில், இரண்டு கருவிகளும் அந்தச் சீட்டை வைத்துத் தங்களுக்கு வேண்டிய பொதிகளை இறக்கி, தங்களைத் தாங்களே முழுவதுமாக எழுப்பிக் காட்ட வேண்டும். கட்டு நேற்று ஒத்திகையில் எழுந்துவிட்டது. நீயும் பார்த்துவிடு. மூட்டைக்குச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும், அவகாசம் குறைவு, தெரியும். உதவி வேண்டுமானால் கேள்.

மேலாளர் இருப்பார். மறந்துவிடாதே.

அக்கா

பி.கு.: தொழில் ரகசியத்தை எப்போது சொல்வாய்?

*

மார்ச் 22

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல், வீட்டில் எல்லாரும் சௌக்கியம், கணினியின் விசிறி மட்டும் இருமுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சில ஐயங்கள். முதலாவது, அன்று எனக்குத் தலைவலி வரக்கூடும். இப்போதே லேசாகத் தெரிகிறது. இரண்டாவது, சுமைதூக்கி ஊர்ச் சரக்கைத் தூக்குவான், தன்னையே தூக்கிக் காட்டு என்றால் எப்படி? தன் முதுகில் தானே ஏற முடியுமா? இதை டாக்டரிடம் கேள், அவர் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்வாரா? வேறு எதையாவது எழுப்பிக் காட்டுகிறேனே. உன் பேருந்துப் பலகையையே எழுப்பிக் காட்டுகிறேன், கண்ணைக் கட்டிக்கொண்டு.

மூட்டையால் முடியாது என்று அர்த்தம் இல்லை. முடியும். இதைவிடப் பெரியதெல்லாம் முடியும். வித்தையை எல்லாம் ஒரே நாளில் காட்டிவிட்டால் அப்புறம் என்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்றுதான்.

அம்மா வேறு கேட்கிறாள், “ஏன்டா ஒரு வாரமா சாதுவா இருக்கே? உடம்புக்கு முடியலையா?” என்று. பார், சாட்சி.

வாலு

*

மார்ச் 24

டேய்.

ஒத்திகை பார்த்தாயா, இல்லையா? ஒரே வரியில் பதில்.

பொய்மூட்டை அவிழ்க்காதே. ஞாயிறு நீ வரவில்லை என்றால் திங்கள் காலை மாடி ஆட்கள் எங்கள் மேசைக்கு இறங்கிவருவார்கள்.

அக்கா

*

மார்ச் 25

ஒரே வரி: வருகிறேன், மூட்டை எழும்.

இனி வருவது பின்குறிப்பு, கணக்கில் சேராது. சீட்டைப் படிக்கும் பகுதியை இன்று எழுத ஆரம்பிக்கிறேன். ஞாயிறுக்குள் முடித்துவிடுவேன். கட்டுக்கு நீ அதை எழுத ஒரு கோடை விடுமுறை முழுக்க எடுத்துக்கொண்டாய், அப்பா உன் சாப்பாட்டுத் தட்டை மேசைக்கே கொண்டுவந்து வைத்தார், நினைவிருக்கிறதா? எனக்கு நான்கு நாள் போதும். நடுவில் தலைக்கு எண்ணெய்கூடத் தேய்த்துக்கொள்வேன். உதவி வேண்டாம். அணி திரண்டு வந்து பார், மேலாளரை முன்வரிசையில் உட்காரவை. திரையில் முன்வரிசை எது என்று கேட்காதே.

இடி, மின்னல், வாலு

*

மார்ச் 30

என் அருமை வாலு,

பேசலாம் என்றுதான் தொலைபேசியை எடுத்தேன். ஆனால் நீ இத்தனை நாளும் முழு வாக்கியத்தில் எழுதினாயே, அதற்கு மரியாதையாக நானும் எழுதுகிறேன்.

நேற்று கட்டு எழுந்ததைத் தேநீர் குடித்தபடியே பார்த்தேன். மூட்டை தொடங்கியபோது கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். வெற்றுக் கணினி, கறுப்புத் திரை. எட்டு எட்டாகப் பொதிகள் இறங்கின, சீட்டில் இருந்த அதே பதிப்புகள், ஒன்றுகூடப் பிசகாமல். கடைசியில் மூட்டை தன் முதுகில் தானே ஏறி எழுந்து நின்றது! டாக்டர் கைதட்டியதை நான் இதுவரை பார்த்ததே இல்லை. கட்டுவைவிடப் பாதி நேரம்.

நீ கையெழுத்துப் போட்டதும் மேலாளர் தன் ஒலிவாங்கியைத் திறந்தார். “சரி. ரெண்டு பேரும் ஒரே சரக்குதான் தூக்கறாங்க. குருவியே இருக்கட்டும்” என்றார். இன்று காலை மாடி ஆட்கள் மாடியிலேயே இருந்தார்கள். எங்கள் மேசைகள் அதே இடத்தில் இருக்கின்றன. பணிமனையிலிருந்து பேருந்துகள் வெளியே போவதை ஜன்னலில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பலகைகள் இனியும் என்னுடையவை.

நான்கு நாளில் சீட்டுப் பகுதியை எழுதிவிட்டாய். எனக்கு ஒரு கோடை முழுக்கத் தேவைப்பட்டது. கூட்டம் முழுக்க அதைத்தான் பேசுகிறார்கள். டாக்டர் உன்னை அடுத்த கூட்டத்தில் ‘சீட்டை விரைவாக எழுதுவது எப்படி’ என்று பேசச் சொல்லப்போகிறார். குப்பை லாரி என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன்.

அந்தப் பழைய கேள்வியையும் இனிக் கேட்கப் போவதில்லை. தொழில் ரகசியம் உன்னுடையதாகவே இருக்கட்டும். சம்பாதித்துவிட்டாய்.

அரட்டையில் தடையை நீக்கிவிட்டேன்.

அக்கா

*

மார்ச் 31

அக்கா,

தடை நீக்கியதைப் பார்த்தேன். ஸ்டிக்கர் அனுப்பலாம் என்று விரல் போனது. பிறகு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இதற்கு ஸ்டிக்கர் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன்.

அம்மா உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ‘நான்கு நாளில்’ என்ற இடம் வந்ததும் எழுந்து போய் அப்பாவை எழுப்பிச் சொன்னாள். அப்பா செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு என் தோளில் தட்டினார். அந்தத் தட்டு இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, இறக்கிவைக்க இடம் தெரியவில்லை. டாக்டர் வேறு பேச்சுக்குக் கூப்பிடுகிறார். நான் எதைப் பேசுவது?

நான்கு நாளில் நான் எழுதியது ஒரே ஒரு வரி. மீதி நேரம் மாடியில் படுத்துக் கதைப்புத்தகம் படித்தேன்.

மூட்டைக்கு முதல் நாளிலிருந்தே சீட்டு படிக்கத் தெரியும். உள்ளே அதற்கு ஒரு ஸ்விட்ச் மறைத்துவைத்திருந்தேன், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி. ஆரம்பத்தில் மூட்டையை மூட்டையாலேயே கட்டிப் பார்த்தேன். எழவே இல்லை. காலையில் ஒரு பதிப்பு, மதியம் ஒரு பதிப்பு, ஒன்று இன்னொன்றோடு சண்டை. அதனால் எனக்கு மட்டும் சீட்டு. ஒரு தடவைகூடச் சறுக்காத வெளியீடு என்று பீற்றிக்கொண்டேனே, அதன் துணிச்சல் முழுக்க அந்தச் சீட்டில்தான் இருந்தது. மணிகாட்டி ஜோக் மூட்டையில் ஏன் வரவில்லை என்று கேட்டாயே, அதனால்தான் வரவில்லை. என் சீட்டில் பழைய மணிகாட்டி இருந்தது. நேற்றைய ரொட்டி.

ஞாயிறு வர மாட்டேன் என்று தலைவலி நாடகம் போட்டதும் இதனால்தான். சீட்டைக் கையில் கொடுத்ததும் அது கடகடவென்று படித்துவிடுமே, கண்டுபிடித்துவிடுவீர்களே என்று பயந்தேன். அப்புறம்தான் நான்கு நாள் கதையைக் கட்டினேன். அந்த ஒரு வரி, ஸ்விட்சை எல்லாருக்கும் திறந்துவிடுகிற வரி. அதை ஆரம்பத்திலேயே எழுதியிருந்தால் உன் பக்கத்து மேசைக்காரர் பழைய மணிகாட்டியைத்தான் எடுத்திருப்பார். அந்தத் தாத்தா அந்த நான்கு கடையையும் நடந்திருக்க மாட்டார். ஊருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். இது எனக்கே கேட்க நன்றாக இல்லை.

டாக்டருக்கும் இதை எழுதி அனுப்பிவிட்டேன். பேச்சை நீ பேசுவாய் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், அந்தப் பகுதி உன்னுடையதுதான்.

நிஜமாகவே உன்னுடையது. நீ வேலைக்காக வீட்டைவிட்டுப் போன அன்று, நீ விட்டுவிட்டுப் போன கணினியைத் திறந்தேன். கட்டுவின் சீட்டுக் கோப்பு அப்படியே இருந்தது. எடுத்து மூட்டைக்குள் வைத்தேன். அதன் தலையில் உன் குறிப்பு இன்றும் இருக்கிறது, வேண்டுமானால் திறந்து பார்: ‘வாலு, இதைத் தொடாதே.’

தொடவில்லை அக்கா. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

வாலு